வாசகர் கேள்வி பதில்: மதுரையில் எந்த மணிக்கு எங்கே?

கேள்வி: மீனாட்சியம்மன் தரிசனத்துக்காகக் குடும்பத்துடன் வந்து இரண்டு நாள் மதுரையில் தங்கப் போகிறோம். ஆளுக்கொரு கடையின் பெயரைச் சொல்லிக் குழப்புகிறார்கள். கோயிலைச் சுற்றி எங்கே சாப்பிடலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடையின் பெயரைச் சொன்ன எவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், தாங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்பதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. காலை ஏழு மணிக்குப் பஞ்சுபோல் இட்லி தந்த அதே கடையில் பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்தால், ஆறிப்போன இட்லியும் தண்ணீர் விட்டு நீட்டிய சட்னியும்தான் கிடைக்கும். ஆகவே கடைப் பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, கோயிலின் நேரத்தை ஒட்டி உங்கள் நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை தரிசனத்தை முடித்துவிட்டு மாசி வீதிகளுக்கு வந்துவிட்டால், இட்லி இறக்கும் நேரமாக இருக்கும். மதுரையில் தொடங்கிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிளை பரப்பிய முருகன் இட்லிக் கடையின் பெயரை அனைவரும் அறிவர். அது நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பலகையும் இரண்டு அடுப்பும் வைத்துக்கொண்டு, இட்லிக் கொப்பரையின் துணியில் தண்ணீர் தெளித்து இட்லியை அப்படியே இலையில் கவிழ்க்கும் தெருவோரக் கடைகள் அதைவிட எனக்கு நெருக்கமானவை. தேங்காய், தக்காளி, புதினா, காரச் சட்னி என்று இலையின் ஓரத்தில் நான்கு நிறங்கள் சேரும்; சாம்பாரைக் கேட்டால்தான் ஊற்றுவார்கள்.

பிற்பகலில் நடை சாத்தியிருக்கும் நேரம் சாப்பாட்டு மெஸ்களுக்கு உரியது. அசைவம் சாப்பிடுபவர்களானால் ஆற்றைக் கடந்து தல்லாகுளம் பக்கம் செல்லுங்கள். அம்மா மெஸ், குமார் மெஸ் போன்ற பெயர்பெற்ற கடைகள் அங்கேதான் இருக்கின்றன. அயிரை மீன் குழம்பு இருக்கிறதா என்று உட்கார்ந்த உடனே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் அது முதலில் தீர்ந்துவிடும். இரண்டரை மணிக்குப் போய்விட்டு, எல்லாம் தீர்ந்துவிட்டதே என்று பரிமாறுபவரிடம் கோபப்படுவதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மெஸ்களில் இடம் கிடைப்பதற்குள் பசியே அடங்கிவிடும் என்பதால், அன்று குழந்தைகளுடன் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரவு பள்ளியறை பூசையைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, புரோட்டாக் கல்லும் கறி தோசைக் கல்லும் சூடேறியிருக்கும். கறி தோசை பார்ப்பதற்கு எளிமையாகத் தெரிந்தாலும் நல்ல கைப்பக்குவம் தேவைப்படுவது. தடிமனாக ஊற்றிய மாவின் மீது முட்டையைப் பரப்பி, அது இறுகுவதற்கு முன் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை நிரவி, தோசையைத் திருப்பிப் போட்டுக் கறி கல்லில் படும்படி விடுவார்கள். அந்தத் திருப்பலில் கறி சிதறாமல் இருந்தால் மாஸ்டர் நல்லவர் என்று பொருள். சிம்மக்கல் பக்கம் கோனார் மெஸ் இதற்குப் பெயர் பெற்றது. அதே பெயரைத் தாங்கிய கடைகள் இன்று ஊரெங்கும் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு கறி தோசை போதும். ஆசைப்பட்டு இரண்டாவதைச் சொன்னவர்கள் பாதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஜிகர்தண்டா என்ற பெயரில் தெருவுக்கு நான்கு கடைகள் இருக்கின்றன, அனைத்துப் பலகைகளிலும் "ஒரிஜினல்" என்று எழுதியிருக்கிறது. உண்மையில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பலகையைப் படிப்பதை விட்டுவிட்டுக் கோப்பையைப் பாருங்கள். ஜிகர்தண்டாவில் உள்ளவை நான்கே நான்கு: சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். இதில் ஏமாற்ற முடியாதது பால். நெடுநேரம் அடுப்பில் வைத்து, ஓரத்தில் படியும் ஆடையை வழித்து வழித்து உள்ளே தள்ளிக் காய்ச்சிய பால் இளம் பழுப்பு நிறத்தில் இருக்கும். குடித்தபின் கண்ணாடிக் குவளையின் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளை வெளேரென்று தெரியும் பாலில் சர்க்கரையைக் கூட்டிச் சரிசெய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பிசின். உலர்ந்த நிலையில் கற்கண்டுத் துண்டுபோல் இருக்கும் பாதாம் பிசின், இரவு முழுவதும் தண்ணீரில் ஊறினால் பல மடங்கு உப்பி, வடிவமற்ற கண்ணாடிக் கட்டிகளாக மாறும். அதற்குத் தனியாகச் சுவை எதுவும் இல்லை; பாலையும் சர்பத்தையும் ஏந்திக்கொண்டு வாய்க்குள் வழுக்கிப் போவதுதான் அதன் வேலை. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தால் அது பிசின் அன்று, கடற்பாசி. கடற்பாசி போடுவதை நான் கலப்படம் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் செய்வதே தங்கள் வழக்கம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. ஆனால் பிசின் என்று சொல்லிவிட்டு அதைப் போடுவது சரியன்று. நன்னாரி சர்பத் இறுதியில் விடப்படுகிறது. அதன் மணம் முதலில் மூக்குக்கு எட்டி, பிறகு பாலின் இனிப்பு நாக்குக்கு வர வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் சர்பத் அதிகமாகிவிட்டது.

விளக்குத்தூண் அருகே கீழமாரட் வீதியில் உள்ள பழைய கடையில்தான் பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் நிற்கிறார்கள், அங்கே நிற்பதில் தவறு ஏதும் இல்லை. "ஸ்பெஷல்" என்று கேட்டால் பாசுந்தியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். முதன்முறை குடிப்பவர் சாதாரண வகையைக் கேட்பதே நல்லது, பாசுந்தியின் கனத்தில் பிசினும் நன்னாரியும் அடங்கிப்போகும். பிற்பகல் மூன்று மணி வெயிலில் குடிப்பதற்கு ஏற்ற பானம் அது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடித்துவிட்டு வயிறு மந்தமாகிவிட்டது என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: மதுரை என்றாலே கறி, குடல், ஈரல் என்றுதான் எழுதுகிறீர்கள். சுத்த சைவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: குற்றச்சாட்டை ஏற்கிறேன், இந்த இதழில் உங்களுக்காகவே சிறிது விரிவாக எழுதுகிறேன். மாலையில் திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குச் செல்லுங்கள். நாயக்கர் காலத்திலிருந்து நெசவுத் தொழிலுடன் இங்கே வாழ்ந்துவரும் சௌராஷ்டிர மக்களின் பண்டங்கள் அங்கே கிடைக்கின்றன. அவற்றுள் முதன்மையானது முள்ளுமுருங்கை வடை. கல்யாண முருங்கை என்றும் சொல்லப்படும் அந்த மரத்தின் இலையை ஊறிய அரிசியுடன் அரைத்து, பூரி அளவில் தட்டி, எண்ணெயில் பொரித்து, மேலே இட்லிப் பொடியைத் தூவித் தருவார்கள். கரும்பச்சை நிறம் முதலில் தயங்க வைக்கும். சூட்டோடு சாப்பிட்டால் ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மென்மையாகவும் இருக்கும். சளிக்கு நல்லது என்று கடைக்காரர் கட்டாயம் சொல்வார், ஆமோதித்துவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சித் தேங்காய்ப்பூ தூவித் தருவது இது. தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்துடன் வருபவரிடம் வாங்குவதே வழக்கம். பால் என்ற பெயரை நம்பிக் காபிபோல் உறிஞ்ச முயல வேண்டாம், கஞ்சிப் பதத்தில் இருக்கும்.

அழகர்கோவிலுக்குச் செல்வதானால் அங்கே பிரசாதமாகக் கிடைக்கும் தோசையை விட்டுவிடாதீர்கள். தோலுடன் கூடிய உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து நெய்யில் வேகும் அந்தத் தோசை ஓர் அடையைவிடத் தடிமனாக இருக்கும்; சட்னி எதுவும் தேவைப்படாது, இரண்டு நாள் வைத்திருந்தாலும் கெடாது. கோரிப்பாளையத்தில் விசாலம் காபிக் கடையின் வாசலில் நின்று ஒரு காபி குடித்துவிட்டால் உங்கள் நாள் நிறைவாகிவிடும். அங்கே உட்கார இடம் தேடாதீர்கள், யாரும் உட்காருவதில்லை.

கேள்வி: கோடை விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் (வயது 8, 12) "மால் தவிர இந்த ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். எங்கே அழைத்துப் போவது?
– வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: சொக்கிகுளத்து மாலில் குளிரூட்டியும் திரையரங்கமும் இருக்கின்றன. அவை எல்லா ஊர் மால்களிலும் இருப்பவை என்பதால் அதை ஒரு மழை நாளுக்கு ஒதுக்கிவையுங்கள். பகல் வெயிலுக்கு என் முதல் பரிந்துரை நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம். நூலகத்தைப் பொழுதுபோக்கு என்று சொல்வதா என்று பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். சிறுவர்களுக்கென்றே அமைக்கப்பட்ட பகுதியில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பாருங்கள், திரும்ப அழைத்து வருவதுதான் கடினமாக இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

பன்னிரண்டு வயதுக்காரருக்குக் கீழடி பிடிக்கும். செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டப்பட்டு 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் கீறிய பெயர்களையும், விளையாட்டுக் காய்களையும் அருகில் நின்று பார்க்கலாம். காந்தி அருங்காட்சியகத்தை எட்டு வயதுக் குழந்தைக்கு இப்போதே காட்ட வேண்டும் என்பதில்லை. காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த துணியின் முன் நிற்பதற்குச் சற்று வயது வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு நாளாவது விடியற்காலையில் எழுப்பிக் கீழக்குயில்குடிக்கு அழைத்துச் செல்லுங்கள். தாமரைக் குளம், கருப்பசாமி கோயில், ஆலமரம் ஆகியவற்றைத் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுப் பழைமையான சமணச் சிற்பங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும், அதன்பின் பாறை சுடத் தொடங்கிவிடும்.

மாலைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய, ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்புள்ள இந்தக் குளம் வறண்டு கிடந்த காலத்தில் சிறுவர்கள் அதன் தரையில் கிரிக்கெட் ஆடினார்கள். வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்த பின் தண்ணீர் தங்குகிறது, கூட்டமும் தங்குகிறது. கரையைச் சுற்றிச் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, காளான், சோளம், பானிபூரி என்று இரவு பத்து மணி வரை வியாபாரம் நடக்கிறது. என் வீட்டில் ஒரு விதி உண்டு: குளத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்த பிறகே எதையும் வாங்கித் தருவது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அந்தச் சுற்றில் எந்தக் கடையில் எண்ணெய் கறுத்திருக்கிறது, எங்கே உள்ளூர்க் குடும்பங்கள் நிற்கின்றன என்பதெல்லாம் தெரிந்துவிடும். காளான் என்ற பெயரில் விற்பதில் பெரும்பங்கு முட்டைக்கோஸ்தான், அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

மகாலில் சிலப்பதிகாரக் கதையை ஒட்டி நடக்கும் ஒலி ஒளிக் காட்சிக்குச் செல்ல விரும்பினால், அன்று காட்சி உண்டா என்று பகலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பராமரிப்புப் பணிக்காக அதை நிறுத்திவைப்பது உண்டு.

கேள்வி: 1970-களில் மதுரையை விட்டு வந்தவன் நான். அக்காலத்துத் திரையரங்குகளில் எது மிஞ்சியிருக்கிறது?
– வாசகர், தாம்பரம்

பதில்: நீங்கள் தேடக்கூடியவற்றுள் பல இல்லை. 1952-இல் தொடங்கி, 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்ட தங்கம் திரையரங்கம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை இருக்கிறது. கீழவாசல் சிந்தாமணிக்கும் அதே கதிதான். பகலில் வாசகசாலையாகவும் மாலையில் ஆங்கிலப்படக் கொட்டகையாகவும் இருந்த ரீகல் உங்களுக்கு நினைவிருக்கும்; அது இயங்கிய விக்டோரியா எட்வர்டு மன்றத்தின் கட்டடம் ரயில் நிலையத்துக்கு அருகே அப்படியே நிற்கிறது. மதுரைக்காரர்களின் முதல் நாள் முதல் காட்சி வெறி மட்டும் எங்கும் இடம்பெயரவில்லை.

கேள்வி: தூங்கா நகரம் என்கிறார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு ரயிலில் வந்து இறங்கினால் சாப்பிட ஏதாவது உண்மையில் கிடைக்குமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கிடைக்கும், ஆனால் முன்புபோல் எல்லாத் தெருக்களிலும் அன்று. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்கலாம் என்று அரசு 2019-இலேயே ஆணை பிறப்பித்துவிட்டது. இரண்டு பேர் நடத்தும் தள்ளுவண்டிக் கடைக்கு அது பொருந்தாது என்பதால், ரோந்து வாகனம் வரும்போது அடுப்பை அணைப்பதும் போனபின் பற்றவைப்பதுமாக அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. இந்த ஊருக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தவர்களே அவர்கள்தான் என்பது என் வருத்தம். ரயில் நிலையத்தின் எதிர்ப்புறத்திலும் பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் தேநீர், பால், பன் எப்போதும் கிடைக்கும். சூடான இட்லியோ புரோட்டாவோ வேண்டுமானால் ஆட்டோவில் மாட்டுத்தாவணிக்குச் செல்லுங்கள். வெளியூர்ப் பேருந்துகள் இரவு முழுவதும் வந்து போவதால் அங்கே கல் ஆறுவதில்லை. புரோட்டாவைச் சொல்லும்போது சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அவர்களாகவே மேலே ஊற்றிவிடுவார்கள், அந்த நேரத்துச் சால்னாவின் காரத்தை நாகர்கோவில் நாக்கு தாங்காது.