அழகுப் புல்லுக்கு எவ்வளவு உரம்? – கேள்வி பதில்

கோவையில் இருபது வருடமாக நர்சரி நடத்துகிறேன். வீட்டுத் தோட்டத்துப் புற்களுக்கு உரம் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புல் மட்டும்தான்.

திருச்சி வாசகி: வாசலில் ஊதா ஃபவுண்டன் கிராஸ் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்) கரைத்து ஊற்றுகிறேன். ஆளுயரம் வளர்ந்து நடுவில் பிளந்து நாலாபக்கமும் சாய்கிறது. வேறு என்ன உரம் கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்க வேண்டாம். ஊற்றுவதை இந்த மாதமே நிறுத்துங்கள்.

வீட்டில் யாராவது நெல் விவசாயம் பார்த்திருந்தால் கேட்டுப் பாருங்கள். யூரியா கூடினால் பயிர் கருகருவென்று வளரும், தண்டு மட்டும் வலுக்காது. ஒரு மழைக்கே படுத்துவிடும். உயரமான பழைய நெல் ரகங்களுக்கு உரத்தைக் கூட்ட முடியாமல் போனதே இதனால்தான். 1966-இல் வந்த ஐ.ஆர்.8 ரகம் குட்டையாக இருந்ததால் யூரியா தரும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தாங்கி நின்றது. உங்கள் வாசலில் இருப்பதும் புல்தான், அதுவும் அப்படியேதான் நடந்துகொள்ளும். தழைச்சத்து மிஞ்சினால் இலை நீளும், கதிர் குறையும், தூர் பிளக்கும்.

மண்ணில் நட்ட தூருக்கு வருடம் ஒருமுறை போதும். பழைய தாள்களை ஒரு சாண் உயரம் விட்டு வெட்டிவிட்டு, இரண்டு கை மண்புழு உரத்தைத் தூரைச் சுற்றிப் போட்டு லேசாகக் கிளறிவிடுங்கள். தொட்டியில் இருந்தால் தண்ணீரோடு சத்தும் வடிந்துவிடும், அதனால் வருடம் மூன்று முறை கொடுக்கலாம். அப்புறம் இன்னொன்று. ஊதா நிறம் மங்கிப் பச்சையாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் வெயில் போதவில்லை. நிழலில் வளரும் தூர், உரமே போடாவிட்டாலும் சாயும்.

மேடவாக்கம் வாசகர்: கொரியன் புல்தரை மஞ்சளாகிறது. யூரியா எவ்வளவு போடலாம்?

முதலில் குனிந்து இலையைப் பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, யூரியா கேட்கும். நுனியில் வரும் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. உப்பான போர்வெல் தண்ணீர் பாய்கிற காரமண்ணில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

இரும்புக் குறைக்கு பெரஸ் சல்பேட், அதாவது அன்னபேதி, லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மண்ணில் போட்டால் அந்தக் காரமண்ணிலேயே முடங்கிவிடும். தரை ஓடு, சிமெண்ட் மேல் பட்டால் துருக்கறை எளிதில் போகாது.

தழைச்சத்துதான் குறை என்றால் 100 சதுர அடிக்கு யூரியா 50 கிராம். மணலோடு கலந்து, இலை ஈரமில்லாமல் இருக்கும்போது தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். பாய்ச்சாவிட்டால் இலை கருகும், மிச்சம் அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். எத்தனை பேர் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: யூரியாவைக் கையால் அள்ளி வீசாதீர்கள், தராசில் எடை போடுங்கள். ஆரம்ப காலத்தில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் கை அளவில் போட்டு, புல்தரையில் வட்டம் வட்டமாக எரித்திருக்கிறேன். அது தேற மூன்று மாதம் ஆனது.

மதுரை வாசகி: மொண்டோ கிராஸுக்கு?

பெயரில்தான் புல், உண்மையில் அது புல் குடும்பமே இல்லை. மெதுவாக வளரும். வருடம் ஒரு பிடி மக்கிய எரு போதும்.

சேலம் வாசகர்: ரோஜா மொட்டு கருகுகிறது...

ரோஜா வளர்ப்பவரிடம் கேளுங்கள். நான் சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும்.

ஈரோடு வாசகர்: சாண எரு போட்ட ஒரே மாதத்தில் புல்தரை முழுக்கக் கோரை. இனி யூரியா மட்டும்தான் என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. புல்தரை போடும்போது லோடு செம்மண் கொட்டினீர்களா? கோரை அதில் கிழங்காக வந்திருக்கும். எரு அதற்குச் சாப்பாடு போட்டது, அவ்வளவுதான். யூரியா போட்டாலும் அதே வேகத்தில் வளரும்.

பொள்ளாச்சி வாசகர்: எங்கள் வீட்டில் நாற்பது வருடமாகச் சாணம்தான். ஒரு கோரை கிடையாது. யூரியா மண்ணைக் கொன்றுவிடும், அதைச் சொல்லுங்கள்.

அளவோடு போட்ட யூரியா மண்ணைக் கொல்லாது. அது மட்டுமே போட்டு, மக்கிய எரு எதுவும் சேர்க்காமல் விட்டால் மண் இறுகிப்போகும், அதுவரை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் போடுவது மக்கிய சாணமா, பச்சைச் சாணமா?

ஈரோடு வாசகர் மறுபடியும்: கோரை பூக்கிறதே, விதை விழாதா? மாடு தின்று சாணத்தில் வராதா?

நல்ல கேள்வி. கோரை விதை முளைப்பது மிக அபூர்வம், பரவுவது கிழங்கால்தான். ஒன்றைத் தோண்டிப் பாருங்கள், சங்கிலி மாதிரி கிழங்கு கிழங்காகத் தொடர்ந்து போகும். மேலே மட்டும் பிடுங்கினால் சங்கிலி அறுந்து, உறங்கிக்கொண்டிருந்த மற்ற கிழங்குகள் எல்லாம் முளைக்கும். ஆனால் வேறு களை விதைகள் மாட்டின் வயிற்றைத் தாண்டியும் உயிரோடு வரும். அதனால்தான் பச்சைச் சாணம் வேண்டாம் என்கிறேன். குவியலாகப் போட்டு உள்ளே 60 டிகிரி வரை சூடேறி மக்கினால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும்.

பொள்ளாச்சி வாசகர்: மக்கியதுதான் போடுகிறோம்.

அப்படியானால் நாம் இருவரும் ஒரே பக்கம்தான்.

தாம்பரம் வாசகி: புல் மஞ்சளாகிறது, யூரியா எத்தனை ஸ்பூன்?

மேடவாக்கத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஸ்பூன் வேண்டாம், தராசு.

தஞ்சாவூர் வாசகர்: அடுப்புச் சாம்பலையும் யூரியாவையும் கலந்து போடலாமா?

கூடாது. சாம்பல் காரம், கலந்து போட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

நாகர்கோவில் வாசகி: எலுமிச்சைப்புல்லுக்குப் பஞ்சகவ்யா தெளிக்கலாமா? டீயில் போடுகிறோம்.

வாயில் போகும் இலைமேல் வேண்டாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து வேரில் ஊற்றுங்கள்.

வேளச்சேரி வாசகர்: புல்தரை மஞ்சள்...

இலையைப் பார்த்தீர்களா? முதிர்ந்ததா, இளசா? அது தெரியாமல் உரத்தின் பெயரை நான் சொல்ல மாட்டேன்.

ஈரோடு வாசகர்: தோண்டிப் பார்த்தேன். ஒரே வேரில் ஆறு கிழங்கு. கொட்டிய செம்மண் இன்னும் கொல்லையில் கிடக்கிறது, அதிலும் முளைத்திருக்கிறது.

அந்த மண்ணைத் தோட்டத்தில் வேறு எங்கும் போட்டுவிடாதீர்கள். புல்தரையில் இருப்பதை மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தியால் ஆழத் தோண்டி, கிழங்கோடு எடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை விடாமல் எடுக்க வேண்டும். அது குறையும்வரை எருவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம்.