அங்கேயும் நான் ‘தம்பி’தான்

கேள்வி: போர் நடக்கும் இடத்தில் ஒரு ராணுவ வீரரின் அன்றாட வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? நேரில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

எனக்கு ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய ஒரு கிராமம். 1985-ல் பெங்களூரில் மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்தேன். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எங்கள் வேலை. 1988 தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையோடு இலங்கையில் யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். ஒன்றே முக்கால் வருஷம் இருந்தேன். யாழ்ப்பாண நகரத்தை விடுதலைப் புலிகளிடமிருந்து பிடிப்பதற்கான பெரிய சண்டை 1987 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. நான் பார்த்தது அதற்குப் பிறகு நாள்தோறும் நடந்த சில்லறைச் சண்டை. அதனால் சினிமாவில் வருகிற மாதிரி எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வடநாட்டுக் காலாட்படை ஒன்றோடு எங்களில் ஏழெட்டுப் பேரை ஒட்டிவிட்டிருந்தார்கள். கொடிகாமம் பக்கம் முகாம். மெட்ராஸ் சேப்பர்களை ராணுவத்தில் எல்லோருமே ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அது பட்டப்பெயர். கர்னல் முதல் சமையல்காரர் வரை “அரே தம்பி” என்பார்கள்.

கொடிகாமம் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் கரையில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்கு நடுவே மரண அறிவித்தல் வரும். “கொடிகாமத்தைப் பிறப்பிடமாகவும் மீசாலையை வதிவிடமாகவும் கொண்ட” என்று அந்த அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக வாசிப்பதை நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து அப்படியே சொல்லிக் காட்டி விளையாடுவோம். சாவகச்சேரி, பளை, பருத்தித்துறை எல்லாம் எனக்குச் செத்தவர்களின் ஊர்களாகத்தான் முதலில் தெரியும். லாரியில் போகும்போது அந்தப் பெயர்ப் பலகைகள் ஒவ்வொன்றாக வந்ததும் வயிற்றில் ஏதோ செய்தது.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். காலை நாலரைக்கு எழுப்புவார்கள். விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும் எல்லோரும் துப்பாக்கியோடு பங்கருக்குள் நிற்க வேண்டும். ‘ஸ்டாண்ட் டூ’ என்று பெயர். அடித்தால் அந்த மங்கல் நேரத்தில்தான் அடிப்பான் என்பது கணக்கு. முக்கால்வாசி நாள் கொசுவைத் தவிர யாரும் வரமாட்டார்கள். வெளுத்ததும் பால் பவுடர் போட்ட ஒரு மக் டீ. அப்புறம் எங்கள் வேலை ஆரம்பிக்கும்: ரோடு ஓபனிங். ராணுவ லாரிகள் போவதற்கு முன்னால், ராத்திரி யாராவது வெடி புதைத்திருக்கிறார்களா என்று ரோட்டை நடந்தே பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் நாளில் பாதி இதில்தான் போனது. டிடெக்டர் இருந்தது. ஆனால் இரும்பு இருந்தால்தான் அது கத்தும். பிளாஸ்டிக் கேனில் வெடிமருந்தை அடைத்துப் புதைத்தால் சத்தமே வராது. வயரைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் வேலிக்குப் பின்னால் ஒருவன் பேட்டரியோடு உட்கார்ந்திருப்பான். ஆகவே கண்தான் கருவி. ரோட்டு ஓரத்தில் இரண்டு பக்கமும் ஆள் நடப்பார்கள். வயர் தட்டுப்படுகிறதா, மதகுக்கு அடியில் புதிதாக ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம்கூட ஆகும்.

எனக்கு மணல் தெரியும். எங்கள் ஊரில் குடிதண்ணீருக்குக் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் அம்மா எடுப்பார். தோண்டிப் போட்ட மணல் ஈரம் காயும்வரை கறுப்பாக இருக்கும்; காய்ந்தபிறகு பக்கத்து மணலைவிட வெளுத்துப் பொலபொலவென்று கிடக்கும். ராத்திரிப் பனி விழுந்த மணலுக்கு மேலே மெல்லிசாக ஒரு தோடு கட்டும். கை பட்ட இடத்தில் அந்தத் தோடு இருக்காது, திரும்ப நிரவிவிட்டாலும் தெரிந்துவிடும். இதைப் பெங்களூரில் யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று தடவை அப்படிக் கண்டுபிடித்தேன். நான்காவது தடவை கண்டுபிடிக்கவில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் நடந்த, நாயக் பதவியில் இருந்த ஒருவர் போய்விட்டார். முந்தின ராத்திரி மழை பெய்து மணல் முழுக்க ஒரே நிறமாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

மற்ற நேரமெல்லாம் என்ன செய்வோம் என்றால், தண்ணீர் இறைப்போம், மணல் மூட்டை அடுக்குவோம், துப்பாக்கி துடைப்போம், காத்திருப்போம். குளிப்பது பக்கத்து வளவில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், துலா (ஏற்றம்) போட்ட கிணற்றில். நான்கு பேர் குளித்தால் இரண்டு பேர் காவல். கார்த்திகை, மார்கழியில் பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பூட்ஸும் சாக்ஸும் காயாமல் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். குண்டடி பட்டதைவிடக் காலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து வாங்கப் போனவர்கள்தான் எங்களில் அதிகம். சாப்பாடு பூரி, உருளைக்கிழங்கு, பருப்பு, சோறும் உண்டு. கடல் பக்கத்திலேயே இருந்தும் மீனைக் கண்ணால் பார்க்காமல் மாதக்கணக்கில் இருந்தேன். எங்கள் ஊர்க்காரனுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று சொல்லத் தேவையில்லை.

ராத்திரி சென்ட்ரி நிற்பது தனிக் கதை. அந்தப் பக்கம் பூராவும் பனை. பனையில் காவோலை காற்றுக்கு உரசினால் யாரோ சருகில் நடந்து வருகிற மாதிரியே இருக்கும். ஆடி, ஆவணியில் பனம்பழம் ‘தொப்’பென்று விழும். வடநாட்டு மலைப் பக்கத்திலிருந்து வந்த பையன்களுக்கு இதெல்லாம் தெரியுமா? ஒரு பழம் விழுந்ததற்கு ஒரு போஸ்ட்டில் சுட ஆரம்பித்து, அந்தச் சத்தத்துக்கு அடுத்த போஸ்ட் சுட்டு, கால் மணி நேரம் ஒரே அமர்க்களம். காலையில் போய்ப் பார்த்தால் பனம்பழம் கிடக்கிறது. நான் அதை எடுத்து வந்து சுட்டு ஆளுக்கொரு கொட்டை சப்பக் கொடுத்தேன். நார் பல்லில் சிக்கிக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து முகாமே சிரித்தது. நாங்கள் வாய்விட்டுச் சிரித்த நாள்கள் மிகக் குறைவு, அதில் அது ஒன்று.

என் நாளின் மறுபாதிக்கு வருகிறேன். தமிழ் தெரியும் என்பதால் என்னை மொழிபெயர்க்க இழுத்துப் போவார்கள். விடிவதற்குள் ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்து, ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார வைப்பார்கள். முகத்தை மூடிய ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடத்துவார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தனியே நிறுத்துவார்கள். அவனை அங்கே ‘தலையாட்டி’ என்பார்கள். வெளியே தாய்மார்கள் நின்று கதறுவார்கள். மற்ற ஜவான்களுக்கு அது வெறும் கூச்சல். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

“தம்பி, நீங்கள் தமிழ்தானே? எவடம் நீங்கள்?” என்று கேட்பார்கள். ராமநாதபுரம் என்றால் “ஓ, ராமேஸ்வரத்துப் பக்கமோ” என்று சட்டென்று ஒரு நம்பிக்கை முகத்தில் வரும். அந்த முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் நான்கு கிலோமீட்டர் கண்ணிவெடி தேடச் சொன்னால் போய்விடுவேன். ஒரு அம்மா எங்கள் மேஜரைப் பார்த்து, மண்ணை வாரி இறைத்து, அவருடைய வம்சம் விளங்காது என்றார். “க்யா போல் ரஹீ ஹை, தம்பி?” என்று மேஜர் கேட்டார். மகன் படிக்கிற பையன், தெரியாமல் பிடித்துவிட்டீர்கள் என்கிறார் என்று சொல்லிவைத்தேன். அவர் அன்று சொன்னவற்றில் அதுவும் ஒன்று, பொய்யில்லை. அந்தப் பையனைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். எல்லாப் பையன்களையும் அப்படி விட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் தப்பே நடக்கவில்லை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எதிர்ப்பக்கம் எல்லாம் நியாயமாக நடந்தது என்று எழுதினாலும் அப்படித்தான்.

நாங்கள் தண்ணீர் எடுத்த வளவில் ஒரு கிழவி இருந்தார். பிள்ளைகள் எங்கோ. முதல் மாதம் என்னோடு கதைக்கவே இல்லை. நான் துலாவை இழுக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள், “உங்கட ஊரிலும் துலாவோ தம்பி?” என்றார். அப்புறம் தினம் இரண்டு வார்த்தை. ஒருநாள் ஒரு கை புழுக்கொடியல் கொடுத்தார். பனங்கிழங்கை அவித்துக் காய வைத்தது, கல் மாதிரி இருக்கும். பொதுமக்களிடம் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்பது உத்தரவு, விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயம். நான் வாங்கிப் பவுச்சில் போட்டுக்கொண்டேன். சென்ட்ரியில் நின்றபோது ஒவ்வொன்றாகக் கடித்தேன். தை மாதத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வரும் அதே வாசனை.

அடுத்த மாதம் பங்கருக்கு மேல் போட மரம் வேண்டும் என்று அந்த வளவில் ஆறு பனையைத் தறித்தோம். அளந்து குறி போட்டது நான். கிழவி படலையில் (வேலி வாசலில்) நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் தண்ணீர் எடுக்க விட்டார். கதைக்கவில்லை.

வீட்டுக்குக் கடிதம் போட்டால் ராணுவத் தபாலில் சுற்றிக்கொண்டு போய்ச் சேரப் பத்து, பதினைந்து நாள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான் கடல். எங்கள் அப்பத்தா காலத்தில் கப்பலேறி ஒரே நாளில் போய் வந்த சீமை. எனக்கு லீவு கிடைத்தபோது பலாலியில் விமானம் ஏறிச் சென்னை வந்து, ராமேஸ்வரம் ரயில் பிடித்து, மூன்றாம் நாள்தான் வீடு சேர்ந்தேன். அது 1989 கோடை. பாம்பன் ரோட்டுப் பாலம் அதற்கு முந்தின அக்டோபரில்தான் திறந்திருந்தார்கள். பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார், கூட்டிப்போனேன். பஸ் மண்டபத்தில் நின்றபோது அகதி முகாமிலிருந்து ஏறிய இரண்டு பேர் எனக்குப் பின்னால் யாழ்ப்பாணத் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் திரும்பித் திரும்பி அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அம்மா என் முழங்கையைத் தொட்டு, “என்னய்யா?” என்றார்.

ஊரில் யாரும் சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24-ல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னைத் துறைமுகத்துக்கு அப்போதைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் அங்கே இழந்துவிட்டு வந்த படையை அப்படி விட்டது ராணுவத்துக்காரர்களுக்கு ஒரு குறைதான். ஆனால் உச்சிப்புளி டீக்கடையில் அந்த அகதி முகாம்காரர்களோடு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், ஊரின் மௌனம் எனக்குப் புரியாமல் இல்லை.

அந்த லீவில் ஒரு சாயங்காலம் திண்ணையில் படுத்திருந்தேன். ரேடியோவில் மரண அறிவித்தல் ஆரம்பித்தது. அம்மா நிறுத்த எழுந்தார். இருக்கட்டும் என்றேன். கொடிகாமம் என்று வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு தடவை வந்தது, யாரோ ஒரு பெண்மணியின் பெயர். அந்தக் கிழவியின் பெயரை நான் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.