மாத்திரை போட்டாயா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் உண்டு. மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். யார் கேட்டாலும் “இதுவும் சர்க்கரை மாதிரி ஒரு வியாதிதான்” என்று விளக்குகிறேன். எல்லோரும் “ஆமாம் ஆமாம்” என்று தலையாட்டுகிறார்கள். ஆனால் அவன் ஒரு குழந்தையைத் தூக்கினால், பேச்சோடு பேச்சாக யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். படித்தவர்களே இப்படி இருந்தால் என்ன செய்வது? வேலை செய்யும் இடத்தில் அவன் நோயைப் பற்றிச் சொல்லலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தத் தலையாட்டலைப் பற்றி ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் பொதுமக்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். மனநோய்க்கு மூளையும் மரபணுவும் காரணம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் அந்தப் பத்து வருடத்தில் கூடியிருந்தார்கள். ஆனால் மனநோய் உள்ளவரோடு சேர்ந்து வேலை பார்ப்பீர்களா, அவர் அக்கம்பக்கத்தில் குடியிருந்தால் பரவாயில்லையா என்ற கேள்விகளில் தயக்கம் குறையவே இல்லை. மூளையில் கோளாறு என்றதும் “அப்போ இது சரியாகாது” என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. சர்க்கரை உதாரணத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். வளர்ப்பு சரியில்லை என்ற பழி அதில் நீங்கும். பயம் நீங்காது.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் மெலிது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரிடம் அடிபடுவதும் ஏமாறுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. குற்றச் செய்தியில் ‘மனநலம் பாதித்தவர்’ என்ற ஒரு வரி மட்டும் எல்லோர் நினைவிலும் தங்கிவிடுகிறது.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று. பாசமுள்ள வீடுகளிலேயே நடப்பது. தம்பி ஏதோ நியாயமான விஷயத்துக்குக் குரலை உயர்த்துகிறான். உடனே, “இன்னிக்கு மாத்திரை போட்டியா?” அக்கறையில் கேட்பதுதான், சரி. ஆனால் அந்த நொடியில் அவன் சொன்ன விஷயம் செத்துவிடுகிறது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் கோபம், அவனுக்கு வந்தால் அறிகுறி. அதிகமாகச் சிரித்தாலும் இதே கணக்குதான். குழந்தையை வாங்கிக்கொள்வதை விட இது கொடுமை என்பேன்.

இதே பழக்கம் மருத்துவமனை வரை போகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவரின் பழைய மருந்துச்சீட்டைப் பார்த்ததும் “டென்ஷன்தான்” என்று அனுப்பிவிடுகிறார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களை விடப் பத்து முதல் இருபது வருடம் முன்பே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் இதய நோய் போன்ற உடல் நோய்களால், அதுவும் தடுக்கக்கூடியவற்றால். தம்பி உடம்புக்கு ஏதாவது என்று சொன்னால் நீங்களும் அவனோடு போங்கள், பரிசோதனை செய்யச் சொல்லி நில்லுங்கள்.

மனிதர்கள் மாறுவது பெரும்பாலும் பழக்கத்தில்தான். பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் பல நூற்றாண்டுகளாகச் சாதாரணக் குடும்பங்கள் மனநோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொள்கின்றன. அந்த ஊர்க் குழந்தைகள் அவர்களைப் பார்த்தே வளர்கிறார்கள். அதனால் தம்பியை விசேஷங்களுக்கு அழைத்துப் போவதை நிறுத்தாதீர்கள். குழந்தையை யாராவது வாங்க வந்தால், “இருக்கட்டும், அவன் வச்சிருக்கட்டும்” என்று எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள்.

வேலையிடத்தில் சொல்வதா என்பது தம்பியின் முடிவு. நானாக இருந்தால் எல்லோரிடமும் சொல்ல மாட்டேன். விடுப்போ நேர மாற்றமோ தேவைப்பட்டால் அதைத் தரக்கூடிய ஒருவரிடம், தேவையான அளவு. அதையும் அவனே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.