பொருண்மையியலில் மொனாட்: கேளுங்கள், சொல்கிறேன்

கிளிநொச்சி: அக்கா, மொழிக்கு எதற்கு மொனாட்?

"ஒரு கமக்காரன் ஒரு எருமை வாங்கினான். அது வேலியைப் பிய்த்தது." 'அது' எருமையைப் பிடிக்கவேண்டுமானால், முதல் வாக்கியம் உண்மையா பொய்யா என்பதோடு நிற்காமல் எருமையைப் பேச்சுப் பட்டியலில் போட்டுவிட்டுப் போகவேண்டும். ஆகவே சொல் ஒவ்வொன்றும் ஒரு பட்டியலை வாங்கி, பொருளும் புதிய பட்டியலும் சேர்ந்த சோடிகளின் தொடையை (கணத்தை) தருகிறது. 'ஒரு எருமை' என்றால் எருமைக்கொரு சோடி. பட்டியலைத் தொடாத சொல்லை 'ரிட்டர்ன்' ஏற்றிவிடும். ஒன்றின் விளைவை அடுத்ததிடம் கொடுப்பது 'பைண்ட்'. இந்த வடிவமும் ரிட்டர்னும் பைண்டும் சேர்ந்ததுதான் மொனாட்.

"எருமை எதுவும் வாங்கவில்லை" என்றபின் 'அது' ஏன் இடறுகிறது? மறுப்பு, தொடையில் 'உண்மை' என்ற பொருளுள்ள சோடி உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே சேர்ந்த பட்டியலை எறிந்துவிடுகிறது.

கணினி அறிஞர் மோஜ்ஜி 1989இல் கணினி நிரல்களின் பொருளுக்கு மொனாட்டைக் கையாண்டார். மொழி ஆய்வாளர் ஷான் 2001இல் அதை இயல்மொழிக்குக் கொண்டுவந்தார்.

முல்லைத்தீவு: ஹாஸ்கெல் நிரல்மொழி தெரியவேண்டுமா?

தேவையில்லை. சார்புகளை எழுதும் முறையான லாம்டா நுண்கணிதம் போதும். ஆனால் எதை எழுதினாலும் முதலில் டைப்பை, அதாவது எதை வாங்கி எதைத் தரும் என்பதை, எழுதுங்கள்.

மாங்குளம்: மொனாட் என்றால் என்ன?

முதல் பதிலைப் பாருங்கள்.

வவுனியா: பொருண்மையியலாளர்கள் கம்ப் 1981இலும் ஹைம் 1982இலும் எருமைச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். இது புதுப் பெயர்தானே?

இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். "மாமாமாரில் ஒருவர் காணி தந்தால் கமம் செய்வேன்" என்பதற்கு இரண்டு பொருள்: எவர் தந்தாலும் சரி, அல்லது மனதிலுள்ள அந்த ஒருவர் தந்தால் மட்டும். 'ஒருவர்' நிபந்தனை வாக்கியத்தைத் தாண்டி வெளியே வருகிறது. 'ஒவ்வொரு மாமாவும்' அப்படி வராது. மொழியியலாளர் சார்லோ 2014இல் இதற்கென்று தனி விதி போடவில்லை. பைண்டுகளை எப்படி அடைப்பிட்டுச் சேர்த்தாலும் விளைவு ஒன்றே என்ற சேர்த்தி விதியிலிருந்தே அது வந்துவிடுகிறது. பெயர் மட்டும் மாறியிருந்தால் இந்த விளைவு கிடைத்திராது.

வவுனியா, மறுபடியும்: இரண்டு மொனாட்டைச் சேர்த்தால் மொனாட் வராதே?

எல்லா வேளையிலும் வரும் என்றில்லை, உண்மை. அதனால்தான் டைப் டைப் என்று கத்துகிறேன். பட்டியலை வாங்கி (பொருள், பட்டியல்) சோடிகளின் தொடையைத் தருவது ஒன்று. பொருள்களின் தொடையும் பொதுவான ஒரே பட்டியலும் தருவது இன்னொன்று. இரண்டாவதில் எருமைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல்தான். 'அது' எந்த எருமை என்று பிரித்தறிய வழியே இல்லை. தொடையையும் பட்டியலையும் அடுக்கும் வரிசையை மொழித் தரவுதான் தீர்மானிக்கவேண்டும்.

மல்லாவி: மொனாட்டை எளிதாக ஒரு வரியில்...

டைப்பை எழுதிக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து பேசுவோம்.