மாட்டு இரத்தத்தை ஆராய்ந்தவர் நோயெதிர்ப்பியலின் முன்னோடி ஆனது எப்படி?

ரே ஓவன் கால்நடை ஆய்வாளர்தானே, நோயெதிர்ப்பியல் வரலாற்றில் அவர் பெயர் ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வர வேண்டிய பெயர்தான்.

1915இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் ஓவன். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாடுகளின் இரத்த வகையை ஆராய்ந்தார். எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்று இரத்தத்தை வைத்து உறுதிசெய்யும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. அப்போது விசித்திரமான இரட்டைக் கன்றுகள் சோதனைக்கு வந்தன. ஒரே ஈற்றுதான், ஆனால் தகப்பன் காளைகள் வேறு வேறு. அப்படியிருந்தும் இரண்டின் இரத்தமும் ஒன்றுபோல் இருந்தது!

காரணம் கருப்பையில் இருந்தது. மாட்டு இரட்டையரின் இளங்கொடி இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அதன் வழியே இரத்தத்தை உருவாக்கும் மூல உயிரணுக்கள் இடம் மாறி, அயல் உடலில் நிலைத்துத் தங்குகின்றன. காளைக்கன்றோடு பிறக்கும் கிடேரி பெரும்பாலும் மலடாவதும் இதே இணைப்பால்தான். ஓவன் இதை 1945இல் வெளியிட்டார்.

அயல் அணுக்களை உடல் ஏன் விரட்டவில்லை? இந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு, கருவிலேயே சந்திக்கும் அயல் அணுக்களை உடல் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் என்று ஆஸ்திரேலிய அறிவியலாளர் பர்னெட் கோட்பாடு வகுத்தார். பிரிட்டன் விலங்கியலாளர் மெடாவரின் குழு 1953இல் அதை எலிகளில் மெய்ப்பித்தது. உறுப்பு மாற்று ஆய்வுக்கு அது பெரும் திறப்பு. 1960 நோபல் பரிசு பர்னெட், மெடாவர் இருவருக்கும் போனது. ஓவனையும் சேர்த்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மெடாவரே அப்படித்தான் நினைத்தார்.