மிதவையடியில் சூரை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன் திரட்டும் மிதவைகளை, அதாவது மீனைக் கூடவைத்துப் பிடிக்கக் கடலில் விடும் மிதவைகளைப் பற்றியவை. பலர் எந்த மிதவை என்றே எழுதவில்லை. நங்கூரம் போட்டு நிறுத்தியதா, நீரோட்டத்தோடு அலைவதா? இரண்டும் வேறு. வெறுமனே ‘சூரை’ என்று எழுதினாலும் போதாது. வரிச்சூரையா, மஞ்சள் துடுப்புச் சூரையா, பெருங்கண் சூரையா என்று சொல்லுங்கள்.

மிதவைக்கடியில் சூரை கூடுவது நிழலுக்காகத்தானே? (குளச்சல்)

இல்லை. இருட்டிலும் கூடுகிறது. தீனிக்காகவும் இல்லை; அங்கே ஒண்டும் சிறுமீன் பல டன் சூரைக்குக் காணாது. ஆற்று முகத்திலிருந்து மரக்கட்டை மிதந்து வரும் கடல் வளமானது என்பதால் அந்த நாட்டம் வந்தது என்பது ஒரு விளக்கம். சிதறிய சிறு கூட்டங்கள் ஒன்றையொன்று தேடிச் சேரும் சந்திப்பு இடம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. உங்கள் பக்கத்தில் தென்னங்குலைக் காம்பு கட்டிக் கணவாய் பிடிப்பதோடு இதைக் குழப்பாதீர்கள். கணவாய் அங்கே முட்டை ஒட்ட வருகிறது. சூரை திறந்த நீரில் முட்டை விடும்.

எவ்வளவு தூரத்திலிருந்து மிதவையைக் கண்டுகொள்ளும்? எத்தனை நாள் தங்கும்? (நாகப்பட்டினம்)

நங்கூர மிதவையை மஞ்சள் துடுப்புச் சூரை சுமார் 10 கிலோமீட்டரிலிருந்து நோக்கி வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். தங்குவது பெரும்பாலும் சில நாள், கூடினால் ஓரிரு வாரம்.

பெருங்கண் சூரை ஆழத்து மீன் ஆயிற்றே, மேலே விரிக்கும் வலையில் எப்படி விழுகிறது? (சென்னை)

நல்ல கேள்வி. வழக்கமாக அது பகலில் 300 முதல் 500 மீட்டர் வரை இறங்கி இரை தேடும், இரவில் மேலே வரும். மிதவையோடு சேர்ந்துவிட்டால் பகலிலும் மேல்நீரிலேயே நிற்கப் பழகுகிறது. அதனால்தான் வரிச்சூரைக்குப் போட்ட வலையில் அதன் குஞ்சுகளும் மாட்டுகின்றன.

நம் ஊர் சுருக்குமடி வலைதானே மிதவையில் சூரை பிடிக்கும் பெரிய கப்பல்காரர்களும் போடுகிறார்கள்? (கடலூர்)

அடியைச் சுருக்கும் முறை ஒன்று. அளவு? செஷல்ஸின் விக்டோரியா துறைமுகத்தில் மீன் இறக்கும் கப்பல்கள் 70, 80 மீட்டர் நீளம். வலை ஒன்றரைக் கிலோமீட்டர். ஒப்பிடும் முன் அளவைப் பாருங்கள்.

மிதவை மீன் மெலிந்துபோகிறது, அது சூரைக்குப் பொறி என்று நிரூபித்துவிட்டார்களே, இன்னும் ஏன் தடை இல்லை? (மதுரை)

‘நிரூபித்துவிட்டார்கள்’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. மாதம் ஒருவராவது இதை எழுதுகிறீர்கள். மிதவையை நல்ல கடலின் அடையாளமாக நம்பிச் சூரை அதன் பின்னால் போக, அது இரையில்லாத கடலுக்கு இழுத்துவிடுகிறது என்ற கருதுகோள் 2000இல் வந்தது. 2008இல் வந்த ஆய்வு ஒன்று மிதவை மீனைத் தனிக்கூட்ட மீனோடு (எந்த மிதவையையும் சேராமல் திரியும் கூட்டத்து மீன்) ஒப்பிட்டு, மிதவை மீன் மெலிவு, வயிறும் பெரும்பாலும் காலி என்றது. சரி. மிதவையால் மெலிந்ததா, மெலிந்த மீன்தான் மிதவையைத் தேடி வந்ததா? ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே உள்ள மொசாம்பிக் கால்வாயில் மிதவைக்காலத்துக்கு முன்பிருந்தே மரக்கட்டைகள் ஏராளம். அங்கே கட்டையோடு சேர்ந்த வரிச்சூரையும் மெலிவுதான் என்று 2014இல் காட்டினார்கள். ஆக, மெலிவை மட்டும் வைத்து மனிதன் விட்ட மிதவையைக் குற்றம் சொல்ல முடியாது. வயிறு காலி என்கிறீர்கள்; மிதவையில் வலை போடுவது பெரும்பாலும் விடியும் நேரத்தில், தனிக்கூட்டத்தைப் பிடிப்பது பகலில். பிடித்த நேரத்தைக் கேட்காமல் வயிற்றைப் பற்றிப் பேசக்கூடாது. மேற்கு இந்தியப் பெருங்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரையை 30 ஆண்டுக் கணக்கில் அளந்து 2024இல் வெளியிட்டதில், மிதவைகள் பெருகியும் உடல்நிலை சரியவில்லை.

பொறியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வளர்ச்சியும் வலசையும் மாறுகின்றனவா என்பதற்குப் மீனுக்கு அடையாளக்குறி போட்டுப் பல ஆண்டு தொடரும் ஆய்வு வேண்டும். என் வருத்தம் வேறு. பலவீனமான இந்த வாதத்தையே முன்னால் நிறுத்துகிறோம். மீன் நிறுவனங்கள் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. குஞ்சு மீன், சுறா, தொலைந்த மிதவை என்று பதில் சொல்ல முடியாத கேள்விகள் பின்னால் நிற்கின்றன.

குஞ்சு மீன் பிடிபடுவது எந்த அளவுக்குக் கேடு? (தூத்துக்குடி)

எந்தச் சூரை? வரிச்சூரை 40 சென்டிமீட்டரிலேயே பருவமடைந்துவிடும், அதற்கு அவ்வளவு பாதிப்பில்லை. மஞ்சள் துடுப்புக்கும் பெருங்கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். மிதவையடியில் பிடிபடுபவை பெரும்பாலும் 40, 60 சென்டிமீட்டர்.

சுறாவுக்கு மிதவையால் என்ன? (ராமேஸ்வரம்)

பழைய மிதவைகளில் அடியே வலை தொங்கும். அதில் சிக்கி இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்கு 5 முதல் 10 லட்சம் சில்க்கி சுறாக்கள் செத்தன என்று 2013இல் கணக்கிட்டார்கள். கப்பலில் யார் கண்ணிலும் படாத சாவு. இப்போது சிக்காத வடிவம் கட்டாயம்.

கப்பலுக்கு இத்தனை மிதவை என்று வரம்பு உண்டா? (காரைக்கால்)

இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015இல் 550 என்றது, படிப்படியாகக் குறைத்து 2020இலிருந்து 300, 2026இலிருந்து 250 ஆக்கியது. ஆனால் கணக்கில் வருவது செயற்கைக்கோள் வழியே கப்பலுக்குச் சிக்னல் தருபவை மட்டும். சிக்னலை அணைத்துவிட்டால் கணக்கிலிருந்து போய்விடும், கடலிலிருந்து போகாது.

மாசிக் கருவாட்டுச் சூரையும் மிதவை மீனா? (யாழ்ப்பாணம்)

மாலத்தீவு மாசியாக இருந்தால், பல சமயம் ஆம். ஆனால் அது தீவுகளைச் சுற்றி நங்கூரமிட்ட மிதவை, கம்புத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்தது. எந்த மிதவை என்று முதலில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

சோலார் பலகை வைத்த உருண்டைப் பெட்டி ஒன்று கரையில் ஒதுங்கியது. என்ன செய்வது? (கன்னியாகுமரி)

அலையும் மிதவையின் செயற்கைக்கோள் பெட்டி அது, அடியில் மீன் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் எக்கோ சவுண்டரும் இருக்கும். உள்ளே பேட்டரி உண்டு, உடைக்காதீர்கள். முதலில் கூடவே வந்த கயிறு, வலையில் ஆமை சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மேலே உள்ள எண்ணைப் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து மீன்வளத் துறையில் கொடுங்கள்.