மக்கள்தொகை எப்போது இரட்டிப்பாகும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஆண்டுக்கு 2 சதவீதம் கூடினால் இரட்டிப்பாக 50 ஆண்டுதானே ஆகும்? புத்தகத்தில் விடை 35 என்று இருக்கிறது.

பதில்: புத்தகம் சரி. நீங்கள் போட்டது தனிவட்டிக் கணக்கு. மக்கள்தொகை கூட்டுவட்டி மாதிரி வளரும், போன வருஷம் கூடியவர்களையும் சேர்த்து அதன்மேல்தான் இந்த வருஷத்து 2 சதவீதம் வரும். கால்குலேட்டரில் 1.02-ஐ 35 தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 2 வந்து நிற்கும்.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாவிட்டால்?

பதில்: 70-ஐச் சதவீதத்தால் வகுங்கள். 2-இன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln என்று இருக்கும்) 0.693, அதாவது 69.3 சதவீதம், வகுக்க வசதியாக 70 என்று வைத்துக்கொள்கிறோம். வீதம் குறைவாக இருந்தால் நன்றாகப் பொருந்தும். 10 சதவீதத்துக்கு 7 ஆண்டு என்று காட்டும், சரியான விடை 7.27.

கேள்வி: வீதமே தரவில்லை. 10 ஆண்டில் 40,000 பேர் 50,000 ஆனார்கள், 80,000 எப்போது?

பதில்: 25 சதவீதத்தைப் பத்தால் வகுத்து 2.5 என்று எழுதிவிடாதீர்கள், நிறையப் பேர் மதிப்பெண் விடுவது இங்கேதான். 50,000-ஐ 40,000-ஆல் வகுத்தால் 1.25, அதன் இயல் மடக்கை 0.2231, அதைப் பத்தால் வகுத்தால் ஆண்டு வீதம் 0.02231. இப்போது 0.693-ஐ இதனால் வகுங்கள், 31 ஆண்டு. 40,000 இருந்த நாளிலிருந்து 31, அதனால் 50,000 ஆனபிறகு இன்னும் 21 ஆண்டுதான்.

கேள்வி: உலக மக்கள்தொகை 800 கோடி, வளர்ச்சி 1 சதவீதத்தை ஒட்டி. அப்படியானால் 70 ஆண்டில் 1600 கோடியா?

பதில்: வராது. சூத்திரத்தில் தப்பில்லை, ஆனால் வீதம் மாறாமல் இருந்தால்தான் அது செல்லும், இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். 1960இல் 300 கோடியாக இருந்தது 600 கோடி ஆக 39 ஆண்டு பிடித்தது. 1974இல் 400 கோடி, அது 800 கோடி ஆனது 2022 நவம்பரில், 48 ஆண்டு. குழந்தைப்பேறு குறையக் குறைய இரட்டிப்புக் காலம் நீண்டுகொண்டே போகிறது. 2080களில் சுமார் 1030 கோடியைத் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு.

கேள்வி: அப்போ எதை வைத்துக் கணிப்பது?

பதில்: வளர்ச்சி ஒரு உச்சவரம்பை நெருங்க நெருங்க வேகம் குறையும் வகைச் சமன்பாட்டை பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹல்ஸ்ட் 1838இலேயே தந்துவிட்டார். ஐ.நா. அதையும் பயன்படுத்துவதில்லை, வயதுவாரியாகப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுகிறது.